கொயந்த வெள்ள

பனியன் வேஸ்ட்டில் மொத்தமே இரண்டு தரம்தான். கலர், வெள்ளை. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வண்ணாரப்பேட்டை கிடங்குகளில் வந்து இறங்கும் வெட்டுத் துணியை இப்படி இரண்டாகப் பிரித்து, துறைமுகப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் அனுப்புவார்கள். கிரீஸ் துடைக்க இதைவிட நல்ல சாமான் கிடையாது. ஊரெல்லாம் இரண்டு தரத்தோடு நிம்மதியாகப் பிழைத்துக்கொண்டிருக்க, தேவகிருபையம்மாவின் கிடங்கில் மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் ‘கொயந்த வெள்ள’. கண்டுபிடித்தவள் மலர்க்கொடி.

துணி பிரிப்பதில் அவளுக்கு முப்பது வருஷப் பழக்கம். குவியலுக்கு நடுவில் கால் நீட்டி உட்கார்ந்தால் கை தன்பாட்டுக்கு ஓடும். நல்ல வெள்ளைத் துண்டு அகப்பட்டால் மட்டும் ஓட்டம் நிற்கும். அதை எடுத்து இடது கண்ணிமையில் வைத்து மெல்ல ஒரு இழுப்பு இழுப்பாள். விரலெல்லாம் காய்த்துப்போனது, அது பொய் சொல்லும், இமை பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. இமை உறுத்தலில்லை என்று சொல்லிவிட்டால் அந்தத் துண்டு அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தனிச் சாக்குக்குப் போய்விடும். தேவகிருபையம்மா கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

போன வருஷம் பில் போட வந்த அபின் என்ற பையனுக்கு இந்தச் சங்கதி தெரியாது. மூன்று ரகம் இருக்கிறது என்று போனில் சொல்லிவைத்துவிட்டான். காசிமேட்டு போட் ஒர்க்‌ஷாப்காரர், சரி, அந்த மூன்றாவதில் ஒரு மூட்டை அனுப்பு என்றார். மலர்க்கொடி சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“அது இஞ்சினுக்கு இல்ல நைனா. அதுக்கு வேற வேல கீது.”

வேறு வேலை இதுதான். வியாசர்பாடி எம்.கே.பி. நகர் குடியிருப்பில், அவள் இருக்கும் பிளாக்கில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும் மறுநாளே ஒரு பொட்டலம் போய்விடும். சும்மா போகாது. துண்டுகளை அண்டாவில் கொதிக்கவைத்து, பார் சோப்பில் கசக்கி, கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டு நுரைகூட இல்லாதவரை அலசி, மொட்டை மாடியில் வெயில் காட்டி, முக்கோணமாக மடித்துத்தான் போகும். ஓரம் தைக்க மாட்டாள், தையல் பிஞ்சுத் தொடையில் உரசுமாம். மடிக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் உதறுவாள். அவள் பிறந்தது அத்திப்பட்டு. அங்கே காய்ந்த துணியை உதறாமல் எடுத்தால் அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலும் கூடவே வீட்டுக்கு வரும். வியாசர்பாடியில் அந்தச் சாம்பல் விழுவதில்லை. கைக்கு அது தெரியவில்லை, இன்றைக்கும் இரண்டு தரம் உதறுகிறது.

அந்தக் காலத்துக் கொடிகளை நினைத்தால் இப்போதும் அவள் முகம் மலர்ந்துவிடும். பிளாக்கைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாலே போதும், யார் வீட்டில் குழந்தை, எத்தனை மாசம் என்று சொல்லிவிடலாம். உள்ளங்கை அகலத் துணி இருபது முப்பது ஆடினால் பச்சை உடம்பு. துணி பெரிசாகி எண்ணிக்கை குறைந்தால் குழந்தை குப்புற விழுந்துவிட்டது. ஒருநாள் கொடி காலியாக இருந்தால் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அல்லது சண்டை. மழைக்காலம் வந்தால் பேஜாரு. ஒரு துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டால், வீடெல்லாம் மூத்திர வாசமும் சோப்பு வாசமும் கலந்து வரும். அந்த வாசத்தை அவள் வாசம் என்றே சொல்வாள், நாற்றம் என்று சொன்னால் கோபம் வரும். இப்போது கொடியில் ஜீன்ஸும் நைட்டியும்தான். குழந்தை இருப்பதைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் வீங்கிக் கிடக்கும் டயப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் தோல் சிவந்து குழந்தை அழும்போது அதே பெண்கள் அவள் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்தோம் என்று நாற்பது வரை எண்ணினாள், அப்புறம் விட்டுவிட்டாள். அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை.

துணிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. குழந்தை பிறந்ததும் சுற்றும் முதல் துணி புதுசாக இருக்கக் கூடாது. யாராவது கட்டிக் கட்டிப் பழசான துணியாக இருக்க வேண்டும், கட்டியவரின் ஆயுளும் குணமும் ஒட்டும் என்பார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் செங்கொடிக்குப் பெண் பிறந்தபோது, அவள் மலர்க்கொடியிடம்தான் அதைக் கேட்டாள். மலர்க்கொடிக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம். தான் ஆசையாகக் கட்டிய பச்சைச் சுங்குடிச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டது. எட்டிப் பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே செங்கொடியின் மாமியார் பேசிக்கொண்டிருந்தாள்.

“புள்ள பெறாதவ கட்டுன சேலைல புள்ளய சுத்தி வச்சிக்கீறீங்க. மஞ்சளு வராம வேற இன்னா வரும்?”

செங்கொடி பதில் ஏதும் சொன்ன மாதிரி கேட்கவில்லை. மலர்க்கொடி சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மாதம் பக்கத்து வீட்டுக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைத் துணி ஒருநாளும் அதில் ஆடவில்லை. தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டாள்.

‘கொயந்த வெள்ள’ அந்த மாதத்தில்தான் பிறந்தது. வேஸ்ட் துணியை யாரும் கட்டியதில்லை. அதில் யார் ராசியும் ஒட்டியிருக்காது, யாரும் எதையும் சொல்ல முடியாது. அதையும் முதல் நாள் கொடுக்க மாட்டாள், மறுநாள்தான். முதல் துணியை வேறு யாராவது கொடுக்கட்டும். ஆனால் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும், யாராவது வந்து கேட்டுவிட மாட்டார்களா என்று அவளுக்கு இருக்கும். கேட்டுவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை செங்கொடியின் மகள் சங்கமித்ரா வந்தாள். அந்தப் பெண்தான், மஞ்சள் கண்டு பிழைத்தவள். ராயபுரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இப்போது ஒன்பதாம் மாதம்.

“பெரிம்மா, பழய துணி வாங்கினு போலாம்னு வந்தேன்.”

மலர்க்கொடி தயாராகத்தான் இருந்தாள். அலமாரியைத் திறந்து மடித்துவைத்த பொட்டலத்தை நீட்டினாள். “அம்பது கீது. பத்தலன்னா சொல்லு கண்ணு.”

“இது ரெண்டாவது நாளைக்கி. நான் கேக்குறது மொதல் துணி. நீ கட்ன சேலைல ஒன்னு குடு.”

மலர்க்கொடியின் கை அலமாரிக் கதவிலேயே நின்றுவிட்டது. “வோணாம்மா. உனுக்குத் தெரியாது.”

“தெரியும். பெரிப்பா எல்லாம் சொல்லிட்டாரு.”

மலர்க்கொடி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். துறைமுகத்தில் ரிட்டயர்ட் ஆகிப் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் இருக்கும் கோதண்டத்துக்கு அன்றைய செய்தித்தாளில் திடீரென்று பெரிய அக்கறை வந்துவிட்டது. சேலை கேட்டால் அவள் தர மாட்டாள், அன்றைக்கு வாசலில் நின்று எல்லாம் கேட்டுவிட்டாள் என்று போன வாரம்தான் செங்கொடியிடம் போட்டு உடைத்திருந்தார்.

“அம்மா ராத்திரி பூரா அய்துகினு கெடந்துச்சி. நீ கேட்டது அதுக்குத் தெரியவே தெரியாது” என்றாள் சங்கமித்ரா. “மஞ்சளு பாதி கொயந்தைங்களுக்கு மூணாவது நாள் வரும் பெரிம்மா. டெய்லி நான்தான் டெஸ்ட் எடுக்குறேன். யாரு சேலன்னு ரிப்போட்ல வராது.”

மலர்க்கொடி அலமாரியைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சங்கமித்ரா பைக்குள் கை விட்டு ஒரு துண்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பச்சை போய்ச் சாம்பலாகிவிட்டிருந்தது. சுங்குடிப் புள்ளிகள் மட்டும் அங்கங்கே மிச்சமிருந்தன.

“ஆயா ஊருக்குப் போனதும் அம்மா எல்லாத்தியும் திருப்பி எட்துகிச்சாம். யாராச்சும் ஆயாகிட்ட போட்டுக் குடுத்துடுவாங்கன்னு வூட்டுக்குள்ளயே காயப் போட்டுச்சாம். ஒரு வருசம் நான் இதுலதான் கெடந்தேன். இந்த ஒன்னுதான் மிச்சம். ஒன்ன வச்சிகினு நான் இன்னா பண்றது?”

இருபத்தாறு வருஷமாக அவள் பக்கத்து வீட்டுக் கொடியைத் தப்பாகப் படித்திருக்கிறாள். அந்தத் துணி ஒரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் காய்ந்திருக்கிறது. மலர்க்கொடிக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்படவும் இல்லை. எழுந்துபோய்ப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சேலையை இழுத்தாள். அரக்குக் கலர் நூல் சேலை, பத்து வருஷம் கட்டியது. முந்தானையைப் பல்லில் கடித்து ஒரு கிழி கிழித்தாள். கிழித்த துண்டை இரண்டு தரம் உதறினாள். பிறகு வழக்கம்போல இடது இமையில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. துண்டு நனைந்துகொண்டே போனது.

“இன்னா பெரிம்மா, தேறுமா?” என்றாள் சங்கமித்ரா.

மலர்க்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த அரக்குத் துண்டை அவள் கையில் வைத்தாள்.

“கொயந்த வெள்ள” என்றாள்.