முறை நாளும் மாப்பிள்ளை வீடும்

கோவில்பட்டியை ஒட்டி, பாதி நகரமும் பாதி கரிசல் காடுமாகக் கிடக்கும் ஒரு பேரூராட்சியில் பணி மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இன்றும் அங்கேதான் காய்கறி வாங்குகிறேன். எஸ்டிமேட், டெண்டர் என்று பெரிய பெரிய வேலைகள் காத்திருக்கும் என்ற நினைப்பில் முதல் நாள் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்த முதல் ஆள், பேரனுக்குக் காது குத்த நாள் பார்த்துத் தரச் சொன்னார்.

"நான் சோசியக்காரி இல்ல அண்ணாச்சி," என்றேன்.

"சோசியர்ட்ட கேட்டாச்சும்மா. ரெண்டு மூணு நாள் சொல்லியிருக்காரு. அதுல எது எங்க தெருவுக்குத் தண்ணி முறைன்னு நீங்கதான சொல்லணும்?"

அங்கே குடிநீர் வாரத்துக்கு ஒரு நாள்தான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வால்வைத் திருப்பித் திருப்பி, தெருத் தெருவாக விடுவோம். அதற்குப் பெயர்தான் முறை. காதுகுத்து, சடங்கு, நிச்சயதார்த்தம், வீட்டுக்கு வெள்ளையடிப்பது எல்லாமே முறை நாளை அனுசரித்துத்தான் நடக்கும். ஊரில் சோசியரைவிட எங்கள் ஃபிட்டர் சுடலைக்கு மரியாதை அதிகம். அவனும் வால்வு சாவியைத் தோளில் சாத்திக்கொண்டு அதற்கேற்ற நடை ஒன்று நடப்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் மாடசாமி அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். ஆடு மேய்த்த குடும்பம். பிறகு உளுந்து, மக்காச்சோளம் என்று வெள்ளாமையில் இறங்கி, விரிவாக்கப் பகுதியில் மாடி வீடு கட்டியிருந்தார். மகன் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக். தங்கமான பையன். ஆனால் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

காரணம் ஜாதகம் இல்லை, குழாய். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால், நிலபுலனை விசாரிக்கும் முன்பே அடுப்படிக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். முன்பு ஒரு இடத்திலிருந்து வந்தபோது பெண்ணின் அத்தை குழாயைத் திறந்தாள். முறைக்கு முந்தின நாள்; மாடித் தொட்டி காலி. புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. காபிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள்.

"இந்தத் தடவ கடம்பூர் பக்கத்துலருந்து வாராவம்மா. முறை நாளுக்கே வரச் சொல்லிட்டேன். இதுவும் தட்டிப் போச்சுன்னா பய வெறுத்துப் போவான். தண்ணி வந்துரும்லா?"

"வந்துரும் அண்ணாச்சி. நான் பொறுப்பு," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அது கோடை. கரிசல் காய்ந்தால் வெடித்து விலகும். புதைத்த பைப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். முறை நாள் காலையில் சுடலை போன் செய்தான். "யம்மா, மாடசாமி அண்ணாச்சி தெரு முக்குல பைப்பு ஜாயிண்ட் கழண்டுட்டு. தண்ணி பூரா வெடிப்புக்குள்ள போகுது."

தெருவைக் குறுக்கே தோண்டினோம். அண்ணாச்சி அவசரத்துக்கு டிராக்டர் தண்ணீருக்குச் சொல்லியிருந்தார். எங்கள் குழியைத் தாண்டி அந்த டிராக்டரும் உள்ளே போக முடியவில்லை. பைப்பை இணைக்கக் கொண்டுவந்த கப்ளர் சரியாக உட்காராமல் நானே குழிக்குள் இறங்கி நின்றேன். தெருவுக்குள் பெண்கள் குடத்தோடு போவதும் வருவதுமாக இருந்தார்கள். என்ன ஏது என்று பார்க்க எனக்கு நேரமில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் வந்து நின்றது. பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா இறங்கி வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பைப்பு ரெண்டாக் கெடக்கு?"

"கெடக்கதுனாலதான நிக்கேன்? வண்டியப் பின்னால எடுக்கச் சொல்லுங்க."

"இன்னிக்குத் தண்ணி வராதோ?"

"பொழுது அடைஞ்சு வந்தா உண்டு. இல்லன்னா நாளைக்கு. அதுக்கு முன்னால சொட்டுகூட வராது."

"எப்பவும் இப்படித்தானா?"

"வாரத்துல ஒரு நாள்தான் தண்ணி. கோடைல பைப்பு கழறும், நாங்க வந்து மாட்டுவோம். வேற என்ன சொல்ல?"

அந்த அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண் குவியலைத் தாண்டி உள்ளே போனார். பின்னாலேயே இரண்டு மூன்று பேர் தாம்பாளத்தில் பழமும் போளியுமாகப் போனார்கள். சுடலை மெதுவாகச் சொன்னான்: "யம்மா, இவிய பொண்ணு வீட்டுக்காரவியல்லா?"

என் கையிலிருந்த கப்ளர் சேற்றில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி மகனே வந்தான். முகத்தில் ரத்தமில்லை. "மேடம், அவிய உங்கள வரச் சொல்லுதாவ."

முழங்கால் சேற்றோடு அடுப்படிக்குப் போனேன். அங்கே குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது! குழிக்குள் எட்டிப் பார்த்த அதே அம்மாதான் பெண்ணின் அம்மா. குழாயை மூடினார், திறந்தார், என்னைப் பார்த்தார்.

"பைப்பு தெருவுல ரெண்டாக் கெடக்கு. சொட்டுகூட வராதுன்னு நீங்க சொல்லுதீங்க. இங்கன இப்படிக் கொட்டுது. எப்படிம்மா?"

அப்போதுதான் குடங்கள் போன திசை எனக்குப் புரிந்தது. முறை நாள் என்றால் எல்லார் வீட்டு டிரம்மிலும் அடித்தண்ணீர்தான் மிச்சம் இருக்கும். அதை வழித்து எடுத்து, மாடிக்குச் சுமந்து, அண்ணாச்சியின் தொட்டியில் ஊற்றியிருக்கிறது தெரு. மோட்டார் போட்டுத் தண்ணீரை உறிஞ்சுகிறார் என்று அவரோடு சண்டை போட்டு, என்னிடம் மனு கொடுத்த பக்கத்து வீட்டு ராஜம்மாகூட இடுப்பில் காலிக் குடத்தோடு நின்றாள்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "தெருக்காரவிய கொண்டாந்து ஊத்துன தண்ணி தாயி. ஒரு எடம் இதாலேயே தட்டிப் போச்சு. அந்தப் பயத்துல..."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊருல மட்டும் ஆறா ஓடுது? அங்கனயும் இதே பாடுதான். ஆனா என்னைக்கு வரும்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. வரும் வரும்பாவ. வேலைவெட்டிய விட்டுட்டுக் குடத்தோட காத்துக் கெடப்போம். இந்தம்மா மூஞ்சிக்கு நேரா வராதுன்னுட்டாவ. எம்மவ இங்கன வந்தா, காத்துக் கெடக்க வேண்டாம்." பிறகு ராஜம்மாவைப் பார்த்து, "அவசரத்துக்கு ஒரு கொடம் கேட்டாலும் குடுப்பிய போலிருக்கே?" என்றார்.

"குடுப்போம். உங்க சம்பந்தி மோட்டார் போடாம இருந்தா," என்றாள் ராஜம்மா.

வீடே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ என் சேற்றுக் கையில் ஒரு போளியை வைத்தார்கள். அதைப் போல ஒரு போளியை நான் பிறகு சாப்பிடவில்லை.

கல்யாணமும் முறை நாளில்தான் நடந்தது. சுடலை அன்று புது வேட்டி கட்டிக்கொண்டு வால்வைத் திறந்தான்.

உள்ளாட்சி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் வராது என்றால், வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மக்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். 'வரும், வரும்' என்று இழுத்தால்தான் ஆபீசுக்குக் குடத்தோடு வருவார்கள்.

அந்த மருமகப் பெண் வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்வாள். "மேடம், இன்னிக்கு நம்ம முறைதான?" நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை.

"நான் ரிட்டயர் ஆயிட்டேன் தாயி," என்றேன் ஒரு நாள்.

"அது தெரியும் மேடம். தண்ணி எப்ப வரும்?"

சுடலைக்குப் போன் போட்டுக் கேட்டு, அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். "இன்னிக்கு வராது. நாளைக்குக் காலைல."

"சரி மேடம்," என்று நிம்மதியாகப் போனை வைத்தாள்.