ஜன்னலடியில் நாலு கல்

இதில் இருட்டு கிடையாது. நாய் ஊளையிடவில்லை, கரண்ட் போகவில்லை. நடந்ததெல்லாம் பட்டப்பகலில், உச்சி வெயிலில். யாருக்கு நடந்ததோ அவர் இன்றைக்கும் அதே வீட்டில்தான் இருக்கிறார். போய்க் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். பயம் எப்போதோ தெளிந்துவிட்டது. வெட்கம்தான் இன்னும் விடவில்லை.

அவர் டிரைவிங் வாத்தியார். தெருவில் பாதிப்பேர் அவரிடம்தான் வண்டி பழகினார்கள். வாய் கொஞ்சம் நீளம். "ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடிய நம்பாதே, கழுத்தத் திருப்பு" என்பது அவருடைய வேதம். பக்கத்து வீட்டு மருமகள் அவரிடம் பழகிய காலத்தில் வண்டியைத் தெருக் கம்பத்தில் லேசாக உரசிவிட்டாள். நடுரோட்டில் நிறுத்தி, "கண்ணு மூஞ்சில இருக்கா, பிடரில இருக்கா?" என்று கேட்டு அவளை அழவைத்தவர் இவர். அதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

அந்தப் பக்கத்து வீட்டில் மூன்று பேர். மருந்துக்கடை வைத்திருக்கும் மகன், மருமகள், மகனுடைய அம்மா. அம்மாவைத் தெருவே பெரியம்மா என்றுதான் கூப்பிடும். இடுப்பு போய் இரண்டு வருஷமாகப் படுக்கைதான். தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில். கேட்டிலிருந்து வாசலுக்குப் போகிற நடைபாதை அந்த ஜன்னலுக்குக் கீழே போகிறது. சிமென்ட் பலகைக் கற்கள் பதித்த பாதை. அதில் ஒரு கல் மட்டும் ஆடும். யார் மிதித்தாலும் 'டொக்' என்று ஒரு சத்தம். உடனே ஜன்னலிலிருந்து "யாரு?" என்று குரல் வரும். வீட்டுக்கு அழைப்பு மணி இருந்தது. பெரியம்மாவுக்கு அந்தக் கல்தான் மணி.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் என்று மூவரும் வெளியூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செடிக்குத் தண்ணீர் விடச் சொல்லி கேட் சாவியை மட்டும் வாத்தியாரிடம் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை. வெயில் தாங்காமல் தன் வண்டியை அந்தத் தோட்டத்து மர நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். யாரிடமும் கேட்கவில்லை. சாயங்காலம் வெளியே எடுக்கும்போது காதில் போன். கிளட்சை எப்படி விடவேண்டும் என்று யாரையோ திட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார்.

கழுத்தைத் திருப்பவில்லை.

படக்... படக்... படக்.

இறங்கிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே மூன்று கற்கள் குறுக்கே பிளந்து கிடந்தன. ஆடுகிற கல் மட்டும் தப்பித்திருந்தது.

விஷயம் அவர் மனைவிக்குத் தெரிந்தது. "போன் பண்ணிச் சொல்லிடுங்களேன். கல்லுதானே?"

"சொல்லலாம், சொல்லலாம்."

சொல்ல வாய்ப்பும் தானாக வந்தது. அன்று ராத்திரியே மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "ஆபரேஷன் ஆச்சு சார். ஆனா அம்மா இன்னும் கண்ணு முழிக்கல. எப்ப வருவோம்னு தெரியல."

அதைக் கேட்டதும் வாத்தியாருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, நாலு நாள் கிடைக்கும். அதற்குள் கல்லை மாற்றிவிடலாம்.

அவருக்கே சுருக்கென்றது. ஆனாலும் வாய் என்னவோ, "ஒண்ணும் ஆகாது. இங்க நான் பாத்துக்கிறேன்" என்றது.

ஆள் வைத்துச் செய்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். தானே செய்வது என்று முடிவெடுத்தார். சனிக்கிழமை மூன்று புதுக் கற்கள் வாங்கி, வண்டி டிக்கியில் பழைய போர்வையால் மூடிக் கொண்டுவந்தார். தெரு சாப்பிட்டுக் கண்ணயர்கிற மத்தியானமாகப் பார்த்து உள்ளே போனார். கடப்பாரையால் நெம்பி உடைந்த கற்களை எடுத்தார். துண்டுகளைச் சாக்கில் கட்டித் தன் வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். புதுக் கல் பளிச்சென்று காட்டிக் கொடுக்குமே? டீத்தூள் சக்கையையும் சேற்றையும் குழைத்து மூன்று கல்லின் முகத்திலும் பூசினார். திருடன் நம்பர் பிளேட் மாற்றுவது போல என்று அவரே பின்னால் சொன்னார்.

ஞாயிறு காலையில் அடிமண்ணைத் தட்டி இறுக்கி, மணல் பரப்பி, மட்டம் பார்த்து, முதல் இரண்டு கற்களைப் பதித்தார். ஆடுகிற கல்லையும் விடவில்லை. உபகாரம் செய்த கணக்கில் ஒன்றாவது இருக்கட்டுமே. அதைப் பெயர்த்து, கீழே சிமென்ட் கலவை போட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டி உட்காரவைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை. சத்தமும் இல்லை.

பாக்கி ஒரே ஒரு கல்.

மணி பன்னிரண்டே முக்கால். தெருவில் ஈ காக்கா இல்லை. மூன்றாவது கல்லை மணலில் இறக்கி மூலையில் தட்டினார். தட்... தட்...

கிரீச்.

நிறுத்தினார். ஏதோ கதவு என்று நினைத்தார். மறுபடி தட்டினார்.

கிரீச்.

கட்டில் சத்தம். உடம்பு கனத்த ஒருவர் கட்டிலில் புரண்டு படுக்கிற சத்தம். ஜன்னலுக்குள்ளிருந்து.

நிமிர்ந்து பார்த்தார். காலையில் ஜன்னல் திரை முழுசாக மூடியிருந்தது. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் அதைப் பார்த்துத்தான் தைரியம் வந்திருந்தது. இப்போது ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது.

எழுந்துபோய் முன்வாசலைப் பார்த்தார். பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசி அப்படியே இருந்தது.

பூனையாக இருக்கும் என்று திரும்பி வந்து மண்டிபோட்டார். சுத்தியலை எடுத்தார்.

பெரியம்மா பூசுகிற மூட்டுவலித் தைலத்தின் வாடை வந்தது.

"யாரு?"

அதே குரல். இரண்டு வருஷமாகக் கேட்ட அதே குரல். அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குரலுக்கு உரியவர் ஆஸ்பத்திரியில், பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறார்.

ஆனால் பழக்கம் பாருங்கள். வாய் தானாகப் பதில் சொன்னது.

"நான்தான் பெரியம்மா..."

"வாத்தியாரா? என்ன சத்தம்?"

"கல்லு... கல்லு மாத்துறேன்."

"ஏன்? உடைஞ்சிருச்சா?"

"குப்பை வண்டி ஏறிடுச்சு பெரியம்மா."

உள்ளே கட்டில் மறுபடி கிரீச்சிட்டது.

பிறகு மெதுவாக... "நீ ஏத்தலையே?"

"இல்ல."

பயத்தில் உண்மை வெளியே வந்துவிடும் என்பார்கள். இந்த மனிதருக்குப் பயத்திலும் பொய்தான் வந்தது.

ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. குனிந்து, கல்லையே பார்த்துக்கொண்டு, மண்டியிலேயே இருந்தார்.

அப்போதுதான் அது கேட்டது. முதுகுக்குப் பின்னால்.

டொக்.

கலவை போட்ட கல். ஏறிக் குதித்தும் அசையாத கல்.

டொக்.

அடுத்து... சர்ர்ர்...

ஒரு கால் தரையில் இழுபடுகிற சத்தம். நடந்து வெகுகாலம் ஆன கால்.

சர்ர்ர்...

கிட்டே.

தைல வாடை மூக்கில் ஏறியது.

சர்ர்...

நின்றது.

நேர் பின்னால்.

மூச்சு கேட்கவில்லை. நிழல் விழவில்லை. உச்சி வெயிலில் முதுகு மட்டும் சில்லென்று ஆனது.

திரும்பவில்லை.

அன்றைக்கும் கழுத்தைத் திருப்பவில்லை.

"நான்தான்..." என்றார். குரல் உடைந்தது. "நான்தான் உடைச்சேன் பெரியம்மா. போன் பேசிட்டே எடுத்தேன். சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீங்க கண்ணு முழிக்கலன்னு சொன்னப்ப... நான்... நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்..."

ஐம்பத்து மூன்று வயது மனிதர், கையில் ரப்பர் சுத்தியலோடு, ஜன்னலடியில் குழந்தை மாதிரி அழுதார்.

உச்சந்தலையில் ஏதோ பட்டது.

கை மாதிரி... கனமே இல்லை.

"யார்கிட்டங்க பேசிட்டிருக்கீங்க?"

மதிலுக்கு மேலே மனைவியின் முகம். அவர் திரும்பினார். பின்னால் யாரும் இல்லை. வாடை இல்லை. ஜன்னல் திரை முழுசாக மூடியிருந்தது.

"யார்கிட்டயும் இல்ல."

"அழுதீங்களா?"

"வேர்வ."

அன்று சாயங்காலம் போன் வந்தது. பெரியம்மா கண் விழிக்காமலே போய்விட்டார்.

அங்கேயே தகனமெல்லாம் முடித்துக்கொண்டு மகனும் மருமகளும் புதன்கிழமை வீடு திரும்பினார்கள். வாத்தியார் கேட்டில் காத்து நின்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முதல் நாளே மனதில் ஒத்திகை பார்த்திருந்தார். மருந்துக்கடைக்காரர் வீங்கிய கண்களோடு காரிலிருந்து இறங்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்கம்கூட விசாரிக்காமல் இவர் முந்திக்கொண்டார்.

"குப்பை வண்டிக்காரன் உள்ள வந்து கல்ல உடைச்சிட்டான். நான்தான் மாத்திப் போட்டேன்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மருந்துக்கடைக்காரர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த நேரத்துல எங்களுக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்களே. ரொம்ப நன்றி சார்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

மருமகள் ஜன்னலடியில் நின்று கற்களைப் பார்த்தாள். டீச்சாயம் பூசிய மூன்று கற்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அவள் மதில் ஓரம் வந்து கூப்பிட்டாள். வாத்தியார் கொல்லையில் இருந்தார். கல் துண்டுகள் கட்டிய சாக்கு பக்கத்திலேயே கிடந்தது. அதை மறைத்து நின்றுகொண்டார்.

"சார், அத்தை உங்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினாங்க. சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்."

"எனக்கா? அவங்கதான் கண்ணே முழிக்கலையே..."

"அதுக்கு முன்னாடி. ஆபரேஷனுக்கு உள்ள தள்ளிட்டுப் போறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. 'பக்கத்து வீட்டு வாத்தியார் நம்ம ஜன்னலடியில மண்டிபோட்டு அழறான். பாவமா இருக்கு. கல்லுதானே, போனாப் போகுதுன்னு சொல்லு' அப்படின்னாங்க."

வாத்தியாரின் கை தானாக உச்சந்தலையைத் தொட்டது.

"மருந்து மயக்கத்துல உளறுறாங்கன்னு இவர் சொன்னார். நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். கல்லப் பாக்குற வரைக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தெருக் கம்பத்தருகே அழுதுகொண்டு நின்ற அதே பெண், இவரை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டு, மதிலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அழுதீங்களா சார்?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"ஆபரேஷன்... என்னைக்கு நடந்தது?"

"போன வாரம் புதன்கிழமை. காலையில."

கல் உடைந்தது வெள்ளிக்கிழமை.