கீரிக்குக் கொண்டுபோன படம்

காலை ஆறரைக்குச் சிலாவத்துறைச் சந்தியில் மன்னார் பஸ் வந்தது. ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர் பயணம். என் மடியில் பழைய உறை ஒன்றும், அதற்குள் ராத்தாவின் கலியாணப் படமும் இருந்தன. ராத்தா என் மூத்த சகோதரி. படத்தில் மாப்பிள்ளை, பெண், வாப்பா, உம்மா எல்லாரும் நிற்கிறார்கள். ஓரத்தில், கைகழுவத் தண்ணீர் ஊற்றும் செம்புடன், அப்போது மன்னாரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த அருள்.

அருள் என்னைவிட ஒரு வயது மூத்தவன். கலியாணத்துக்கு அடுத்த வருடம் ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போனான். பிறகு அதே இயக்கம் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறச் சொன்னது. நாங்கள் வள்ளத்தில் புத்தளப் பக்கம் கற்பிட்டிக்குப் போனோம். இந்தப் படம் உம்மாவின் துணிப் பைக்குள் வந்தது. அருள் சண்டையில் செத்துப்போனான் என்று பல வருடங்களுக்குப் பிறகு கேள்விப்பட்டோம். சண்டை முடிந்த பிறகு நான் சிலாவத்துறையில் வந்து குடியேறினேன்.

படத்தைக் கேட்டவர் அவனுடைய அக்கா லூர்து. சென்ற மாதம் மன்னார் ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டார். அவர்கள் வீட்டில் அருளின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆமி வீடு வீடாகத் தேடிய நாட்களில் தாயார் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார். "எல்லாம் ஞாபகம் இருக்குத் தம்பி. முகம் மட்டும் வருதில்லை" என்றார்.

புத்தளத்தில் இருக்கும் ராத்தாவிடம் போனில் கேட்டேன். விரட்டினவங்கட ஆளுக்கா என்றாள். பிறகு, "அண்டைக்கு வந்த சனத்துக்கெல்லாம் தண்ணி ஊத்தினவன் அவன்தான். கொண்டு போய்க் காட்டு. ஆனா என்ட படம் பத்திரம்" என்றாள்.

பஸ் அரிப்பைத் தாண்டி, ஆற்றுப் பாலம் கடந்து, வங்காலை வழியாகப் போனது. முன்பு தள்ளாடி ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். இப்போது பஸ் நிற்பதில்லை. ஆனாலும் எனக்கு முன்னால் இருந்தவர் அந்த இடம் வந்ததும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

எட்டரைக்கு மன்னார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஸ்டூடியோவில் அருளை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருந்தவர், "கோட் போட்டு விடவா அண்ணை? செத்தவைக்கு எல்லாம் போடுறனாங்கள்" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பின்னால் நீல நிறம் மட்டும் போட்டுத் தந்தார். ஐந்நூறு ரூபாய்.

காத்திருந்த நேரத்தில் ஒன்றை யோசித்தேன். பயங்கரவாதி என்ற சொல் நான் படித்த ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் இல்லை. ரேடியோவில்தான் பழக்கம். முதலில் அருள் போன்றவர்களைச் சொன்னார்கள். ஷெல் அடித்தவர்களுக்கு அந்தச் சொல்லை ரேடியோ சொன்னதில்லை. பின்னாளில், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு எங்கள் ஆட்களையும் அப்படிப் பார்த்தார்கள். அந்த நாட்களில் வீடு தேட வருவார்கள் என்று பயந்து, நாங்கள் ஓதும் அறபுக் கிதாபுகளை உரப்பையில் சுற்றி மண்ணுக்குள் புதைத்தோம். அடுப்பில் போட மனம் வரவில்லை.

பதினொரு மணிக்கு ஓட்டோவில் கீரிக் கிராமத்துக்குப் போனேன். லூர்தக்கா கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். பெரிய படத்தைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். "ஓம், இவன்தான்" என்றார். வீட்டு முன் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். சத்தம் போன பிறகு மெல்லக் கேட்டார்.

"உங்களைப் போகச் சொல்ல வந்தவங்களுக்குள்ள இவனும் நிண்டவனா தம்பி?"

"நான் காணேல்லை அக்கா."

அது உண்மை. நான் காணாததால் அவன் வரவில்லை என்று ஆகாது. அது அவருக்கும் தெரியும்.

பிறகு அவர் உறையைக் காட்டி, அந்தக் கலியாணப் படத்தைத் தருவீங்களோ என்றார். "இதைத் தனிய வைச்சா ஆரெண்டு கேப்பினம். கலியாணப் படம் எண்டா ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"இப்ப ஆரக்கா வந்து பாக்கிறது?"

"இனி வரமாட்டினம் எண்டு ஆர் சொன்னது?"

எங்கள் கிதாபுகள் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கின்றன. பிரதி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆணியும் சுத்தியலும் எடுத்துவிட்டார். மாதா படத்துக்குப் பக்கத்தில், தொப்பியோடு என் வாப்பாவும் செம்போடு அருளும் சுவரில் ஏறினார்கள். அருளின் பெரிய படம் அந்த உறைக்குள் என்னிடம் திரும்பி வந்தது.

இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினேன். தள்ளாடிக்கு முன் பொலிஸார் மறித்து ஏறினார்கள். கஞ்சா தேடுகிறார்களாம். ஒருவர் என் உறையைத் திறந்து படத்தை உருவி, யார் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பக்கத்து வீட்டுப் பெடியன் என்றேன். படத்தை உள்ளே வைத்துத் தந்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். ஆற்றுப் பாலம் வரை உறையை மடியில் கவிழ்த்துப் பிடித்திருந்தேன்.

இரவு ராத்தா போன் எடுத்து, படம் பத்திரமா என்று கேட்டாள். பத்திரம் என்றேன். அதுவும் உண்மைதான். லூர்தக்கா வீட்டில் அதை ஒருவரும் தொடமாட்டார்கள். எங்கள் அலுமாரியில் அந்தப் படம் இருந்த இடத்தில் இப்போது அருள் இருக்கிறான். பெருநாளைக்கு ராத்தா வருவாள். வந்தால் முதலில் அந்த அலுமாரியைத்தான் திறப்பாள்.