கன்டெய்னர் லாரியும் என் பேஸ் கிட்டாரும்

அது ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு. இரண்டாம் ஞாயிறு என்று எங்கள் ட்ரம்ஸ்காரர் இன்றும் சாதிப்பார். அந்த இரண்டாம் ஞாயிறு மழையில் கச்சேரியே நடக்கவில்லை. இடம், திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓர் அம்மன் கோயில் தெரு. கூழ் ஊற்றி முடித்த மாலையில் எங்கள் இன்னிசைக் குழு மேடை ஏறியது. நான் பேஸ் கிட்டார். நான்கு கம்பிகளில் அடிக்குரலை மட்டும் வாசிப்பவன்.

ஏறும் முன்பே குழுத் தலைவர் சொல்லிவிட்டார்: "மாமு, நீ வாசிக்கிறது எவன் காதுலயும் வுழல. இன்னிக்கும் கேக்கலன்னா, அடுத்த கச்சேரிலருந்து கீபோர்டுகாரனே எடது கையால உன் வேலைய பாத்துப்பான்."

ஆகவே என் ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை முழுக்கத் திருகினேன். முதல் பாட்டில் மேடைப் பலகையே அதிர்ந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சாலைக்குப் போனார். அங்கே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நின்றன.

"யோவ், இஞ்சின ஆஃப் பண்ணுய்யா! பாட்டு கேக்கறதா வாணாவா?"

"அது அப்பவே ஆஃப்பு நைனா! சத்தம் உங்க மேடைலருந்து வந்துகினு கீது!" என்றார் டிரைவர்.

தலைவர் என்னைப் பார்த்தார். அடுத்த பாட்டில் பேஸைக் குறைத்து, மேல்குரலுக்கான ட்ரெபிளை ஏற்றினேன். அதே கிட்டார், அதே விரல்கள். ஆனால் கம்பியின் கீச்சு மட்டும் வெளியே வந்தது. "இன்னா மாமு, கொசு அடிக்கிற பேட்டா?" என்றது கூட்டம்.

மிச்சமிருந்தது நடுக்குரல் குமிழும், ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழும். இரண்டையும் ஏற்றினேன். கெயின் எல்லை மீறினால் ஆம்ப்ளிஃபயரால் ஒலியின் உச்சியை முழுசாகத் தர முடியாது, நறுக்கிவிடும், ஒலி கரகரக்கும். படித்திருந்தேன், கேட்டதில்லை. விரலைக் கம்பியில் இழுத்ததும் 'உர்ர்ர்ரும்' என்ற சத்தத்தில் தெருவே திரும்பியது. கூழ் ஊற்றிய அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது.

"யார்ரா அது உறுமி அடிக்கிறது? நிறுத்தாத!"

தலைவர் பதறி என் குமிழைக் குறைக்கக் கை நீட்டினார். "கைய எடு!" என்றாள் அக்கா மேல் வந்த ஆத்தா. எடுத்தார். பாட்டு முடிந்தது, பாடகர் உட்கார்ந்தார், ட்ரம்ஸ்காரர் தண்ணீர் குடித்தார். நான் மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தேன். கற்பூரம் காட்டி, ஆத்தா மலையேறிய பிறகுதான் என்னை விட்டார்கள்.

ஒயர்களைச் சுருட்டும்போது தலைவர் வந்தார்.

"அட்த்த வாரம் காசிமேட்ல கச்சேரி. உறுமி கண்டிப்பா வேணும்னு இப்பவே சொல்ட்டாங்க."

"அப்போ நான்?"

அவர் என் ஆம்ப்ளிஃபயரை அன்போடு தட்டிக் கொடுத்தார். "இந்தப் பொட்டிய மறக்காம எட்துகினு வா. அப்பிடியே நீயும் வந்துரு."