சாய்வதற்கு ஒரு பட்டை

முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்யும் அவரை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மண்டை நரைத்த ஒருவருக்குத் தம்பிப் பட்டம் கிடைக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். ஆள் வாட்டசாட்டமானவர். அதனாலேயே மாட்டிக்கொண்டார். "அவரைத் தூக்கி உட்கார வைக்கணும், தம்பியைக் கூப்பிடு" என்பது அந்தக் கட்டடத்தில் காலை முதல் மாலை வரை கேட்கிற வாசகம். ஆளைத் தூக்குவதற்கென்று ஓர் இயந்திரமும் அங்கே உண்டு. ஆனால் எப்போது தேடினாலும் அது வேறொரு மாடியில்தான் இருக்கும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. நடுநடுவே டயப்பர் மாற்ற வேண்டும். அதில் தம்பி கைதேர்ந்தவர். ஒரு பக்கம் புரட்டி அடியில் விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்து, தொடைகளுக்கு நடுவே கொண்டுவந்து இரண்டு பக்கமும் ஒட்டுவார். கை வேலை செய்யும்போது வாய் மழையைப் பற்றிப் பேசும். மழை வருமா வராதா என்பதில் அவருக்கு இருக்கும் கவலையைப் பார்த்தால் நாலு ஏக்கர் விதைத்துவிட்டு வந்தவர் என்றே நினைக்கத் தோன்றும். படுத்திருப்பவர்களும் புரிந்துகொண்டு மழையைப் பற்றியே பதில் சொல்வார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மட்டும் எதுவும் பேசமாட்டார். வேலை முடியும்வரை கண்களை இறுக்க மூடிக்கொள்வார். அந்த முகத்தைப் பார்க்காமலே தம்பி ஒட்டி முடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரி. எதிர்வீட்டு மெக்கானிக் எப்போதோ ஒரு நாள் "சும்மா வந்து பாருடா" என்று இழுத்துப்போனதில் பிடித்த பைத்தியம் அது. ஒரு பலகை, அதன்மேல் நட்ட படகுப் பாய், பாயைப் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், இவ்வளவுதான். காற்றடித்தால் பலகை தண்ணீர் மேல் ஓடும்; விண்ட்சர்ஃபிங் என்பார்கள். பாயின் இழுவையைக் கையாலேயே தாங்கினால் கொஞ்ச நேரத்தில் தோள் கழன்றுவிடும். அதற்காகத்தான் ஹார்னஸ் என்று ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார்கள். அதன் முன்பக்கக் கொக்கியைக் குழாயில் தொங்கும் கயிற்றில் மாட்டிப் பின்னால் சாய்ந்தால், இழுவை முழுவதும் கையை விட்டு உடம்புக்கு வந்துவிடும். கைகள் குழாயின் மேல் சும்மா கிடக்கும். வாரமெல்லாம் யார் யாரையோ தாங்கிய கைகள் அந்தக் கொஞ்ச நேரம் எதையும் தாங்க வேண்டாம். தம்பி ஏரிக்குப் போனது அதற்காக மட்டும்தான். வேகத்துக்காக என்று மெக்கானிக் நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பட்டையில் இரண்டு வகை. ஒன்று அகலமான பெல்ட் மாதிரி இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. கொக்கி தொப்புளுக்குப் பக்கத்தில் இருக்கும். மற்றது உட்காரும் வகை. அது புட்டத்தைத் தாங்கிப் பிடிக்கும், தொடைகளுக்கு நடுவே வார்கள் வந்து முன்னால் மாட்டும், கொக்கி தாழ்வாக இருக்கும். தங்களைச் சூரப்புலிகளாக நினைத்துக்கொள்கிறவர்கள் எல்லாம் முதல் வகைதான். இரண்டாவதற்கு மெக்கானிக் வைத்த பெயர் ஜட்டி. "ஜட்டியை வெளியே போட்டுட்டு ஒருத்தர் வர்றார் பாரு" என்று அவன் ஆரம்பித்தால் கரையே சிரிக்கும். தம்பியும் சிரிப்பார். ஆனால் அவர் கண்ணுக்கு அது ஜட்டியாகத் தெரிந்ததே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல காற்று. இடுப்புப் பட்டை வழக்கம்போல மேலேறி விலாவைக் கவ்வியது. அதைக் கீழே இழுக்கத் திரும்பியபோது முதுகில் ஏதோ பிடித்துக்கொண்டது. தண்ணீரில் விழுந்தவரால் காலை மடக்க முடியவில்லை. மெக்கானிக் அவரைத் தன் பலகையில் குப்புறப் போட்டு, பின்னால் நீந்தித் தள்ளிக்கொண்டே கரை சேர்த்தான். வழியெல்லாம் அவன் ஒரு கேலிகூடச் செய்யவில்லை. தம்பியைப் பயமுறுத்தியது அதுதான்.

இல்லத்துக்கு வரும் பிசியோதெரபிப் பெண் முதுகைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வேலையை விடுங்கன்னா விட முடியாது. அப்போ ஏரியை விடுங்கண்ணே. இல்லே, போய்த்தான் ஆகணும்னா, உட்கார்ற மாதிரி ஒரு பட்டை இருக்காமே, அதைக் கட்டிக்கிட்டுப் போங்க. இடுப்புல கட்டுறதை இனிமே தொடக்கூடாது. தொட்டீங்கன்னா அடுத்த தடவை உங்களைத் தூக்க ஆள் தேட வேண்டியிருக்கும்."

கடை ஏரிக்குப் போகிற தெருவில் இருந்தது. கடைக்காரப் பெண்மணி தம்பியை விடக் கொஞ்சம் இளையவர், எதற்கும் அசராதவர். உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. எந்தப் பட்டையைக் கட்டினாலும் அந்தக் கயிற்றில் கொக்கியை மாட்டிச் சாய்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது அவர் சட்டம். தம்பி முதலில் இடுப்பு வகையைக் கேட்டார். முதுகில் மெத்தை வைத்த புது மாதிரியாம். சாய்ந்த உடனே சுரீர் என்றது. முகத்தை மாற்றாமல் நின்றார். கடைக்காரம்மா அந்த மாதிரி முகங்களை நிறையப் பார்த்தவர்.

"அண்ணே, இது உங்களுக்கு ஆகாது. இதைப் போட்டுப் பாருங்க."

உட்காரும் வகையை விரித்துக் காட்டினார். வெள்ளை நிறம் வேறு. தம்பி ஓர் அடி பின்னால் போனார்.

"அது வேண்டாம்மா."

"கடிக்காதுண்ணே. போட்டுப் பார்க்கறதுல என்ன வந்துது?"

அவர் மறுப்பதற்குள் கடைக்காரம்மா குனிந்து வாரைத் தொடைகளுக்கு நடுவே இழுத்துவிட்டார். "காலைக் கொஞ்சம் அகட்டுங்க. ம். இந்தப் பக்கம் திரும்புங்க. அவ்வளவுதான், ஆச்சு ஆச்சு" என்றார். தம்பிக்குக் காது சூடானது. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும். அவருடையதேதான். தன்னையறியாமல் கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

கொக்கி கயிற்றில் மாட்டியது. "கயிறு நீளமா இருக்கணும், கொக்கி கீழே இருக்கில்ல. உங்க பாய்லயும் மாத்திக்கணும், மறந்துடாதீங்க. இப்போ சாயுங்க" என்றார் கடைக்காரம்மா. தம்பி சாய்ந்தார். வலிக்கவில்லை. முதுகு வலிக்கும் என்று காத்திருந்தார், வலிக்கவில்லை. கனமெல்லாம் தொடைக்கும் புட்டத்துக்கும் இறங்கிவிட்டது. தோள் தளர்ந்தது. கழுத்து தளர்ந்தது. வாரத்தின் மொத்த அசதியும் வாசலில் காத்திருந்தது போல உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

விழித்தபோது கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவரை இடிக்காமல் சுற்றிப்போய்க் கையுறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. "எழுப்ப மனசு வரலைண்ணே" என்றார் கடைக்காரம்மா.

இவ்வளவு சுகம் கண்ட மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? அதையே வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தம்பி வார்களைப் பிடுங்கி எறிகிற வேகத்தில் அவிழ்த்தார், எச்சிலைத் துடைத்தார், "முதல்ல காட்டினதையே குடுங்க" என்றார். கடைக்காரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எதுக்கும் பொட்டலத்தைக் கிழிக்காம வச்சிருங்க. மாத்தித் தர்றேன்" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி காலை நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை. நாளெல்லாம் நின்று நின்று கெண்டைக்கால் நரம்பு பச்சையாகப் புடைத்திருக்கும். இரண்டு பேரும் அசந்துபோன நேரத்தில்தான் அந்த வீட்டில் பேச்சே நடக்கும். பொட்டலத்தைப் பார்த்தாள்.

"எது வாங்கினீங்க?"

"இடுப்புல கட்டுறது."

"டாக்டரம்மா அதைத் தொடக்கூடாதுன்னுல்ல சொன்னாங்க?"

"டாக்டர் இல்லை, பிசியோ."

"சரி, பிசியோ. எது வலிக்கலை?"

தம்பிக்குப் பொய் வராது. கயிற்றில் தொங்கிக்கொண்டு தூங்கியதைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"தூக்கமே வர்ற அளவுக்கு சுகமா இருந்ததை விட்டுட்டு, வலிக்கிறதைப் பார்த்து வாங்கிட்டு வந்திருக்கீங்க. உங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அது டயப்பர் மாதிரி இருக்கும்மா."

சொல்ல ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. "நாள் முழுக்க மத்தவங்களுக்குக் கட்டுறேன். கிடைக்கிற ஒரு நாள்ல அதையே எனக்கும் கட்டிக்கணுமா? எப்படியும் ஒரு நாள் யாரோ எனக்குக் கட்டத்தான் போறாங்க. அது வரைக்குமாவது விட்டு வைக்கலாம்ல? பயமா இருக்கு. அதைக் கட்டினா அந்தப் பக்கம் போயிட்ட மாதிரி இருக்கு. அதுக்கு ஏரியையே விட்டுடலாம் போலிருக்கு."

ஏரியை விட்டால் இவர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியும். மழை என்று வீட்டில் கிடந்த ஞாயிற்றுக்கிழமைகளை அவள் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு முடியாமப் போச்சுன்னா?" என்றாள்.

"என்ன பேச்சு இது?"

"சும்மா கேக்கறேன். எனக்கு நீங்கதானே கட்டணும். அப்போ மனசு சங்கடப்படுமா?"

"உனக்கா? உனக்குன்னா எனக்கு ஒண்ணும் தோணாது." யோசிக்காமல் வந்தது.

"எனக்கு மட்டும் தோணுமா?"

மறுநாள் வேலை முடிந்ததும் பொட்டலத்தைக் கொண்டுபோய் மாற்றிக்கொண்டு வந்தார். கடைக்காரம்மா ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கரையில் வைத்து மானத்தை வாங்குவான், அதைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

"கட்டுங்க, பார்க்கலாம்" என்றாள் மனைவி. இரண்டாவது வார் எங்கே போகிறது என்று அவர் தடவிக்கொண்டிருக்க, எழுந்து வந்து அவளே மாட்டினாள். ஒரு வாரைத் தப்பாக மாட்டி, அவிழ்த்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டு மறுபடி மாட்டினாள். பிறகு குளியல் துண்டைக் கொக்கிக்குள் நுழைத்து இரண்டு முனையையும் கையில் சுற்றிக்கொண்டு, தன் பாதங்களை அவர் பாதங்களுக்கு முட்டுக் கொடுத்து நின்றாள்.

"சாயுங்க."

"நீ தாங்க மாட்டே. காலு வேற வலிக்குதுங்கறே."

"சாயுங்கன்னா."

கொஞ்சம் சாய்ந்தார். கனத்தில் முக்கால்வாசியைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நடிக்காதீங்க. முழுசா."

உத்தரத்துக் கயிறு என்றால் பயமில்லை. இது மனுஷி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள்மேல் எதையும் ஏற்றியதில்லை என்பதில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையே உண்டு. மூச்சை விட்டுவிட்டு, விழுந்தால் விழட்டும் என்று பின்னால் சாய்ந்தார். அவளும் தன் பக்கம் சாய்ந்தாள். துண்டு விறைத்தது. குதிகால் தரையில் ஒரு தடவை வழுக்கி நின்றது. யாரும் விழவில்லை.

"அம்மாடி, என்ன கனம்" என்றாள்.

"போதும், விடு. கை வலிக்கும் உனக்கு."

"இருங்க" என்றாள் அவள். "இப்பதானே சாய்ஞ்சீங்க."