காற்று இல்லாத பக்கங்கள்

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இரண்டு மருமகள்கள் ஒரே மேசையில் வேலை பார்ப்பது எத்தனை பெரிய இம்சை என்று மூத்தவளைக் கேட்டால் தெரியும். தட்டச்சுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓரகத்தியையும் கையோடு இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தவளே அவள்தான். அப்போது இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

"அக்கா, அத்தைக்கு நீங்க பண்ணினாத்தான் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு இளையவள் நைசாக ஒதுங்கிக்கொண்டாள்.

"பிடிக்குதுன்னு சொல்லாதே. உனக்கு உடம்பு வணங்கலைன்னு சொல்லு" என்றாள் மூத்தவள்.

அதோடு பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டவர்கள் போல இருந்துவிட்டார்கள்.

வீட்டில் பேசாமல் இருந்துவிடலாம். வேலையில் முடியாது. பழைய பாய்மரக் கப்பல்களில் அன்றாட வானிலையைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, எவ்வளவு வேகம், காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டர் என்ன காட்டுகிறது, வானத்தில் பத்துக்கு எத்தனை பங்கு மேகம் என்று வரிவரியாக இருக்கும். அந்தக் காலத்துக் கடலின் வானிலையை ஆராய்கிறவர்களுக்காக அந்த எண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். கையெழுத்தோ கோழி கிளறினாற்போல இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டு மை ஊறிப் பரவியிருக்கும். பக்கத்தையும் விசைப்பலகையையும் மாறிமாறிப் பார்த்தால் வரி தப்பிவிடும். அதனால் ஒருத்தி வாசிக்க, இன்னொருத்தி அடிக்க வேண்டும்.

"தென்மேற்கு. வேகம் ஆறு. இருபத்தொன்பது புள்ளி அஞ்சு. மேகம் ஒன்பது" என்று மூத்தவள் வாசிப்பாள்.

"ம்" என்பாள் இளையவள்.

மாதக்கணக்கில் அவர்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். மேற்பார்வையாளருக்குப் பரம திருப்தி. பாரோமீட்டர் இறங்கினால் புயல் வருகிற மாதிரி, முகம் இறங்கினால் புயல் நிச்சயம் என்பதால் அவருக்கே பாரோமீட்டர் என்றுதான் பெயர். "அநாவசியமா ஒரு வார்த்தை பேசாத ஜோடி" என்று மற்றவர்களிடம் இவர்களைக் காட்டிச் சொல்லுவார்.

மூத்தவளுக்கு உடம்பில் தெம்பே இல்லை. மாமியாருக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க இரவெல்லாம் எழுந்து எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். "நீ தூங்கும்மா, நான் இப்படியே கிடக்கிறேன்" என்பாள் கிழவி. அடுத்த நிமிடம் முனகுவாள். காலையில் குளித்துவிட்டு வந்தாலும் கண்ணுக்குள் மணல் உறுத்தும்.

ஒருநாள் மதியம், காற்றே இல்லாமல் நடுக்கடலில் நின்றுபோன ஒரு கப்பலின் பக்கங்கள் வந்தன. வரிக்கு வரி ஒரே சங்கதி. "காற்று இல்லை. மேகம் ரெண்டு. காற்று இல்லை. மேகம் ரெண்டு." வாசித்துக்கொண்டே இருந்தது மட்டும் மூத்தவளுக்கு நினைவிருக்கிறது. கண்ணைத் திறந்தபோது கன்னம் மேசையில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் இளையவள் தனக்குத்தானே முணுமுணுத்து வாசித்து, தானே அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எழுப்பியிருக்கக் கூடாதா?"

"பாரோமீட்டர் வந்தார். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கு, தலைவலின்னு சொல்லிட்டேன்."

"உன்னை யார் சொல்லச் சொன்னா?"

இளையவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "தூக்கத்துலயும் வாசிச்சீங்கக்கா. 'காற்று இல்லை, மேகம் ரெண்டு, அத்தைய புரட்டிப் போடணும்'னீங்க. கைப்பழக்கத்துல அதையும் அடிச்சுட்டேன். அப்புறம்தான் அழிச்சேன்."

சிரிக்கலாம் என்று தோன்றியது மூத்தவளுக்கு. அதற்கும் தெம்பில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்த வரியில இருக்கே?" என்று கேட்டாள்.

மறுநாள் அந்தப் பக்கங்கள் அத்தனையும் திரும்பி வந்தன. தனியாக அடித்ததில் ஒரு வரி தப்பி, அதற்குக் கீழே இருந்ததெல்லாம் இடம் மாறியிருந்தது. பாரோமீட்டர் ஒரு பாட்டம் கத்தி ஓய்ந்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"காற்று இல்லை. மேகம் ரெண்டு."

"ம். இன்னைக்கு அத்தை ரூம்ல நான் படுத்துக்கிறேன்."

"உனக்கு வராது."

"சொல்லிக் குடுங்க."

மூத்தவள் வாசித்த வரியில் விரலை வைத்துக்கொண்டாள். "முதல்ல முழங்காலுக்கு நடுவுல தலையணை வை. அப்புறம் அடிபடாத பக்கமா மெதுவா திருப்பு. தோளைப் பிடிச்சு இழுத்துடாதே" என்றாள். மேற்பார்வையாளர் தன் இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்தார். இருவரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் நாள் கிழவி போட்ட சத்தத்தில் வீடே எழுந்துகொண்டது. போகப் போக இளையவளுக்குக் கை படிந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பழைய ஒட்டுதல் வந்துவிடவில்லை. சின்னவள் கை சில்லென்று இருக்கிறது என்று கிழவியின் புகார் மட்டும் மூத்தவளிடம் வந்தபடி இருந்தது.

முறை இல்லாத அன்று மூத்தவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். காலையில் புருஷன் சொன்னான், "அசையவே இல்லை நீ. பயந்துபோய் எழுந்து எழுந்து, மூச்சு வருதான்னு பாத்தேன்."

"எழுந்ததுதான் எழுந்தீங்க, அப்படியே போய் உங்க அம்மாவையும் பாத்திருக்கலாம்" என்றாள்.

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.