ஜீப்புக்குக் கீழே விரித்த காகிதம்

காலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது சுத்தமான காகிதம். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டு போர்ட்டிகோவில், ஜீப்பின் எஞ்சினுக்கு நேர் கீழே, நான்கு மூலையிலும் கல் வைத்து விரித்திருந்தது. நான் வேலை பார்த்த பத்திரிகையின் பழைய விளையாட்டுப் பக்கம். அக்கா குனிந்து பார்த்தாள். ஒரு கல்லை நகர்த்தி, பக்கத்தைத் தூக்கி, அடிப்புறத்தையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

"நான்தான் சொன்னேனே" என்றார் அவள் கணவர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். பல் துலக்கிக்கொண்டே சொன்னதால் பாதி நுரையில் போயிற்று.

அந்தக் காகிதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சில வாரங்களுக்கு முன்பு ஜீப்பிலிருந்து டீசல் சொட்ட ஆரம்பித்தது. அக்காவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு வாசனை தெரிவதில்லை. தெருவே மணத்தபோதும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு காலை டைல்ஸில் தேங்கியிருந்த டீசலில் கால் வைத்து வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. கட்டோடு உட்கார்ந்து அவள் மாமாவிடம் சொன்னது இதுதான்: இனி ஒரு சொட்டு விழுந்தால் ஜீப்பை விற்றுவிட வேண்டும், தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும்.

தோப்பு என்பது கொள்ளிடக் கரையில் மாமாவுக்கு இருந்த வாழைத்தோப்பு. கரையிலிருந்து இறங்கும் வழி மணல். மழை பெய்தால் சேறு. இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆனபிறகு அவரால் பைக்கில் கால் தூக்கிப் போட்டு உட்கார முடியாது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் அந்தப் பழைய டீசல் ஜீப் ஒன்றுதான் அவரைத் தோப்புக்குக் கொண்டுபோய் விடும். ஜீப் போனால் தோப்பு போயிற்று. இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.

மூக்கு இல்லாததால் அக்கா கண்ணை நம்பினாள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து நான் வரும்போதெல்லாம் பழைய பேப்பர் கட்டு ஒன்று கொண்டுவரச் சொல்வாள். தினமும் ஒரு தாள். ஆரம்பத்தில் சில நாள் தாளில் வட்டம் வட்டமாகக் கறை. மாமா, "பைப் முனையில ஒரு நட்டு தளர்ந்திருந்துது, இறுக்கிட்டேன்" என்றார். அதன்பிறகு தாள் சுத்தம்.

மாமா கைலாசபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வேலையே கசிவு கண்டுபிடிப்பது. பெரிய குழாய்களுக்குள் காற்றை அழுத்தி ஏற்றி, பற்றவைத்த இடங்களில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போவார். அவர் வட்டம் போட்டால் அந்தக் குழாய் வெளியே போகாது. அப்படிப்பட்டவர் நட்டை இறுக்கினேன் என்றால் நம்பாமல் இருக்க எங்களுக்குக் காரணம் இல்லை.

அன்று காலை காகிதம் பார்த்து முடிந்ததும் அவர் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு காட்டும் கம்பியை உருவி, அதே விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என்னிடம் காட்டினார்.

"பாரும்மா. ஒரு சொட்டு ஆயில் குடிக்கல. போன மாசத்தவிட மேலயே நிக்குது."

கம்பியில் இரண்டு கோடுகள். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. நான் பார்த்தேன். நல்லது என்று நினைத்தேன்.

பின்கட்டில் அக்கா எலிப்பொறியைப் பார்த்துவிட்டு வந்தாள். "இன்னிக்கும் விழல. வடை அப்படியே இருக்கு."

துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்திருந்த நீல சோப்பு ஒரு மூலையில் குறைந்திருந்தது. எலிதான் கடிக்கிறது என்று பொறி வைத்திருந்தாள். பொறிக்குள் வைக்க மசால்வடை வாங்கி வந்தவர் மாமா.

"படிச்ச எலி போல. வடைக்கெல்லாம் மயங்காது" என்றார்.

"நீங்க வாங்கற கடை வடையை மனுஷனே தொடமாட்டான். எலி எப்படித் தொடும்?" என்றாள் அக்கா. வடையைக் காக்கைக்குப் போட்டாள்.

அன்று அமாவாசை. என்னை எடமலைப்பட்டி புதூரில் விட்டுவிட்டு, அப்படியே மார்க்கெட்டுக்குப் போய்வருவதாக ஏற்பாடு. மாமா ஓட்ட, அக்கா முன்சீட்டில், நான் பின்னால். அம்மா மண்டபம் சாலையில் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை வாங்க வேண்டும். சாலை ஓரம் முழுக்கக் கீரைக்கட்டு விற்கும் பெண்கள். தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு வருகிறவர்கள், வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள், இரண்டு பசுக்கள்.

அந்த ஜீப்பில் எஞ்சினை நிறுத்த ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. இழுத்தால் டீசல் அடைபட்டு எஞ்சின் நின்றுவிடும். மாமா இழுத்தார். சத்தம் தணிந்தது. அக்கா ஒரு காலைக் கீழே வைத்தாள். அப்போது சத்தம் மறுபடி ஏறியது.

மாமாவின் கால் எதையும் மிதித்திருக்கவில்லை. நான் அதைப் பார்த்தேன். குமிழ் முழுவதும் வெளியே இழுத்தபடி இருந்தது. ஆனால் எஞ்சின் யாரோ ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது போல ஏறிக்கொண்டே போனது. மாமா குமிழை உள்ளே தள்ளி மீண்டும் இழுத்தார். சாவியைத் திருகி உருவிவிட்டார். சாவி அவர் கையில் இருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தகரம் முழுவதும் நடுங்கியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்தது, பிறகு நீலம் கலந்த சாம்பல் நிறம். எதிரே நின்ற பஸ் கண்ணில் படவில்லை. கீரைக்காரப் பெண்கள் கட்டுகளை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு பசு கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனது. "வெடிக்கப் போவுது, தள்ளிப் போங்க" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

மாமா எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "ரெண்டு பேரும் எறங்குங்க."

நாங்கள் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, டாப் கியரில் போட்டு, கிளட்சை ஒரேயடியாக விட்டார். ஜீப் ஒரு முழம் முன்னால் பாய்ந்து, குலுங்கி, நின்றது. எஞ்சின் செத்தது. அதற்குப் பிறகு இருந்த அமைதியில் பசுவின் மணிச்சத்தம் கேட்டது.

யாருக்கும் அடிபடவில்லை. இரண்டு கட்டு கீரை மிதிபட்டிருந்தது.

அக்கா மாமாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வாழ்நாளில் தெருவில் வைத்து அவள் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. "நல்லவேளை நீங்க ஓட்டினீங்க. வேற யாராவது இருந்தா குதிச்சு ஓடியிருப்பாங்க" என்றாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "பதறாம பண்ணிட்டீங்க சார்" என்றார். மாமா தலையை மட்டும் அசைத்தார்.

லோடு ஆட்டோவில் கயிறு கட்டி ஜீப்பைத் திருவானைக்காவல் பக்கம் ஒரு பட்டறைக்கு இழுத்துப் போனோம். மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், வெற்றிலை போடுகிறவர். ஆயில் கம்பியை உருவி முகர்ந்து பார்த்தார். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்து கீழே ஒரு டப்பை வைத்து, ஆயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றினார். கறுப்புத் தண்ணீர் கொட்டியது. டப் நிரம்பி, இன்னொரு பக்கெட் வைக்க வேண்டியிருந்தது.

"குழம்பு மாதிரி வரணும் சார். ரசம் மாதிரி வருது. பாதி டீசல்."

"ஆயில்ல டீசல் எப்படிப்பா வரும்?" என்று அக்கா கேட்டாள்.

அவர் எஞ்சினின் பக்கவாட்டில் கைப்பிடி அளவுக்கு இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார். ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து டீசலை இழுத்து மேலே தள்ளுவது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். அது கிழிந்துவிட்டது என்றார். "இந்த டீசல் உள்ள எறங்கி ஆயிலோட சேந்து, மேல ஏறி, எஞ்சின் தன் வயித்துல இருக்கறதையே குடிச்சு ஓடியிருக்கு. நீங்க குமிழ இழுத்தா அதுக்கென்ன?"

"கிழிஞ்சா வெளிய ஒழுகாதா? எங்க வீட்ல ஒரு சொட்டு விழலியே. தினம் பேப்பர் போட்டுப் பாக்கறேன்."

மெக்கானிக் இரண்டு பைப்பையும் இரண்டு போல்ட்டையும் கழற்றி பம்ப்பை எடுத்தார். கந்தலால் துடைத்தார். அடிப்பாகத்தில் ஓரிடத்தில் கட்டைவிரலால் தேய்த்தார். ஸ்குரூ டிரைவர் முனையால் சுரண்டினார். உதிர்ந்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். நீல நிறத் துணுக்கு. மேலே அழுக்கு, உள்ளே நல்ல நீலம்.

"சோப்பு" என்றார். "டேங்க்ல ஓட்டை விழுந்தா நாங்களே சோப்பு வெச்சு அடைப்போம். ஆனா இது விழுந்த ஓட்டை இல்லம்மா. கம்பெனிக்காரன் வெச்ச ஓட்டை. சவ்வு கிழிஞ்சா இது வழியா வெளிய சொட்டும். சொட்டினா நமக்குத் தெரியும். அதுக்குத்தான் வெச்சிருக்கான். யாரோ அடைச்சுட்டாங்க. வெளிய போக வழியில்லாம உள்ள போயிடுச்சு." பிறகு மாமாவைப் பார்த்து, "எந்த மடையன் சார் இதப் பண்ணினது? இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது விட்டீங்களா?" என்றார்.

மாமா கந்தலை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா அந்தத் துணுக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முகர்ந்தாள், பழக்கத்தால்தான், அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மாறியது என்று சொல்ல முடியாது. அசைவு நின்றுபோனது.

"எலிக்கு வடை வாங்கிட்டு வந்தீங்க" என்றாள்.

பக்கத்தில் ஒரு டயருக்குக் காற்று ஏறும் சத்தம். மாமா ஜீப்பின் மட்கார்டில் கை ஊன்றி நின்றிருந்தார்.

"சொன்னா வித்துடச் சொல்லியிருப்பே" என்றார்.

"சொல்லியிருப்பேன். அங்க அத்தன பேரு ஓடியிருக்க மாட்டாங்க."

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. வெற்றிலைப் பையைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டார்.

நான் செய்தி அறையில் விபத்துச் செய்திகளைத் திருத்தியே காலம் கழித்தவள். காரணம் எப்போதும் அதிவேகம், கவனக்குறைவு, பிரேக் பிடிக்காமை. ஒரே வரியில் முடியும். இங்கே எனக்கு அந்த வரி அமையவில்லை. எத்தனையோ குழாயில் சோப்பு தடவிக் கசிவைத் தேடியவர், விடியுமுன் எழுந்து, மனைவியின் சோப்பில் ஒரு மூலையைக் கிள்ளி, ஜீப்புக்கு அடியில் சிரமப்பட்டு இடுப்பை மடக்கிப் படுத்திருக்கிறார். ஒரு தடவை அல்ல. எஞ்சின் அதிர்வில் சோப்பு உதிர உதிர, மறுபடி மறுபடி. நான் அந்த வீட்டில் தூங்கிய நாளிலும் இது நடந்திருக்கும். காலையில் நாங்கள் காகிதத்தைப் பார்க்கும்போது அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள் அக்கா.

"பேச ஒண்ணுமில்ல. வித்துடறேன்" என்றார் மாமா.

புதிய பம்ப் பாலக்கரையில் ஒரு கடையில் கிடைத்தது. மறுநாள் போட்டார்கள். மாமா போகவேண்டிய அவசியமில்லை, ஆனாலும் போனார். நானும் கூடப் போனேன். பம்ப் உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புதிய காகிதப் பேக்கிங் வைத்து, பம்ப்பின் நெம்புகோல் உள்ளே சரியாக உட்கார்ந்ததா என்று மெக்கானிக் விரலால் தடவிப் பார்த்தார். புதிய ஆயில், புதிய ஃபில்டர். பிறகு பம்ப்பின் கைநெம்பை அடித்து அடித்து, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். திறந்துவிட்ட திருகின் ஓரத்தில் முதலில் நுரை வந்தது. குமிழி, குமிழி, பிறகு வெறும் டீசல். மாமா குனிந்து அந்தக் குமிழிகள் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரும்போது, "அந்த ஓட்டை தெறந்திருக்கா, ஒரு தடவ பாத்துடு" என்றார்.

"தெறந்துதான் இருக்கு சார்" என்றார் மெக்கானிக். முந்தின நாள் சொன்ன வார்த்தையை நினைத்தோ என்னவோ, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தோப்பை அடுத்த தோப்புக்காரரே குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். ஜீப்பை வாங்க மண்ணச்சநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மாமா அவரிடம் முதலில் சொன்னது சோப்பைப் பற்றி. யார் வைத்தது என்பதையும் சொன்னார். வந்தவர் சிரித்தார். "எங்க டிராக்டர்ல பாதி சோப்புதான் சார்" என்றார். மாமா சிரிக்கவில்லை. பம்ப்பின் அடியில் இருந்த அந்தத் துளையை டார்ச் அடித்துக் காட்டி, இதை மட்டும் அடைக்காதீர்கள் என்றார். அக்கா உள்ளிருந்து சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜீப் பின்னோக்கி நகர்ந்து, வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பியது. போர்ட்டிகோவில், நான்கு கல்லுக்கு நடுவே, காலையில் அக்கா விரித்த தாள் கிடந்தது. அதில் ஒரு சொட்டும் இல்லை.